பள்ளி அலமாரியில் சோடியம் ஃபுளோரைடு: ஓர் ஆசிரியையின் கேள்விக்குப் பதில்

பென்னாகரம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தும் ஆசிரியை கேட்டிருக்கிறார். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கிணறு, போர், அடிபம்புத் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போகிறார்கள். பள்ளி அலமாரியில் பல வருடமாக 500 கிராம் சோடியம் ஃபுளோரைடு புட்டி ஒன்று கிடக்கிறது. "அது விஷம், பிள்ளைகள் பக்கத்திலேயே வரக் கூடாது" என்கிறார் ஒரு சக ஆசிரியர். "பற்பசையில் இருப்பதுதானே, நம் ஊர்த் தண்ணீரிலேயே இருக்கிறதே" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி, எப்படிக் கையாள வேண்டும், இதுதான் கேள்வி.

வணக்கம் டீச்சர். நான் பாலக்கோடு பக்கத்துக்காரன். இருபது வருடத்துக்கு மேல் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகங்களில் வேலை பார்த்தவன். என் முன்பற்களிலும் அந்த மஞ்சள் கறை உண்டு. சின்ன வயதில் எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீர் குடித்து வந்தது. அதனால் உங்கள் பிள்ளைகள் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஆனால் அந்த 500 கிராம் புட்டி அவர்கள் கைக்குப் போகவே கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு கிழிப்பது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

உங்கள் சக ஆசிரியர்கள் இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. இரண்டு பேரும் பேசுவது ஒரே பொருளைப் பற்றி, ஆனால் வேறு வேறு அளவைப் பற்றி. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும்.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. உலக சுகாதார நிறுவனமும் 1.5 என்றுதான் சொல்கிறது. ஒரு ஊர்ப் போரில் 3 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை நாளைக்கு இரண்டு லிட்டர் குடித்தால் 6 மில்லிகிராம் உள்ளே போகும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மாதக் கணக்கில், வருடக் கணக்கில் சேரும்போதுதான் பல் கறைபடும், பிறகு மூட்டு இறுகும், முதுகு வளையும். ஒரேயடியாகக் கொடுக்கும் நஞ்சாக எடுத்துக்கொண்டால் கணக்கு வேறு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஃபுளோரைடு ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பது நச்சியலில் வைத்திருக்கும் எல்லை. 25 கிலோ பிள்ளைக்கு அது 125 மில்லிகிராம். அந்த 3 மில்லிகிராம் தண்ணீரில் இவ்வளவு வர வேண்டுமானால் ஒரே மூச்சில் 40 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். முடியாத காரியம்.

அதே 125 மில்லிகிராமை உங்கள் அலமாரிப் புட்டியிலிருந்து எடுத்தால்? சோடியம் ஃபுளோரைடின் எடையில் 45 சதவீதம் ஃபுளோரைடு. அப்படியானால் கால் கிராமுக்குக் கொஞ்சம் மேல், ஏறக்குறைய இரண்டு விரலால் கிள்ளி எடுக்கும் ஒரு சிட்டிகை. பெரிய ஆள் ஒருவர் உயிரை எடுக்க 5 முதல் 10 கிராம் சோடியம் ஃபுளோரைடு போதும் என்று நூல்களில் இருக்கிறது. உங்கள் புட்டி நிறைந்திருந்தால் அதில் 50 பேருக்காவது ஆகும் நஞ்சு இருக்கிறது. கிணறு வருடக் கணக்கில் செய்கிற கெடுதலை இந்தப் புட்டி மணிக் கணக்கில் செய்யும். பற்பசையைப் பொறுத்தவரை, சாதாரணமாக ஒரு கிராம் பசையில் 1 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஃபுளோரைடு. அதைக் காட்டிப் புட்டியைச் சாதாரணமாக நினைப்பது, ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றைக் காட்டி ஒரு கேன் ஆசிடைத் தூக்கித் தருவது மாதிரி.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பொடி உப்பு மாதிரி இருக்கும். வெள்ளை, மணமில்லை, தண்ணீரில் கரையும். பள்ளி ஆய்வகங்களில் புட்டிகளை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்குவது வழக்கம். அப்படி அடுக்கினால் சோடியம் குளோரைடுக்குப் பக்கத்திலேயே, ஒன்றிரண்டு புட்டி தள்ளி, சோடியம் ஃபுளோரைடு வந்து உட்காரும். பெயரிலும் ஓர் எழுத்துக்குத்தான் வித்தியாசம், சத்தமும் கிட்டத்தட்ட ஒன்று. "சோடியம் குளோரைடு எடுத்து வா" என்று பிள்ளையை அனுப்புகிற நாள் ஒன்று எல்லாப் பள்ளியிலும் வரும். அதை எடுத்து உப்புக் கரைசல் கலக்கி, "நாக்கில் வைத்துப் பாருங்கள்" என்று பாடம் நடத்துகிற ஆசிரியர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இது நடக்காத கதை என்று நினைக்க வேண்டாம். 1942 நவம்பரில் அமெரிக்காவின் ஒரேகான் மாகாணத்து அரசு மனநல மருத்துவமனையில், கரப்பான் பூச்சிக்கு வைத்திருந்த சோடியம் ஃபுளோரைடைப் பால்பவுடர் என்று நினைத்து முட்டைப் பொரியலில் கலந்துவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டில் சாப்பிட்டவர்களில் 47 பேர் இறந்தார்கள். சாப்பிட்ட சில நிமிடத்திலேயே வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கின. சமைத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த இரண்டு வெள்ளைப் பொடி, அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் உயிரை எடுக்கிறது? ஃபுளோரைடுக்குக் கால்சியத்தின் மேல் தனிப் பிடிப்பு. இரண்டும் சேர்ந்தால் கால்சியம் ஃபுளோரைடு என்ற, தண்ணீரில் கரையாத பொருள் உண்டாகும். இரத்தத்தில் ஓடும் கால்சியத்தை இப்படிப் பிடித்து இழுத்துவிட்டால் தசை துடிக்கும், கை கால் இழுக்கும், இதயத்தின் தாளம் கெடும், நின்றும் போகலாம். அதற்கு முன்பாக, வயிற்றில் இருக்கும் அமிலத்தோடு சேர்ந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாக மாறி இரைப்பையை அரிக்கும். சாப்பிட்டவர்களுக்கு முதலில் வயிறு எரிவதும், எச்சில் ஊறுவதும், குமட்டுவதும் அதனால்தான்.

இந்தக் கால்சியம் விஷயத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள், டீச்சர். நம் மாவட்டத்துத் தண்ணீரின் கதையும் அதே கதைதான். நம் கால்களுக்கு அடியில் இருப்பது கிரானைட்டும் நைஸ் பாறைகளும். அவற்றில் இருக்கும் பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட், ஃபுளோரைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் இறங்குகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடு ஓர் அளவுக்கு மேல் தங்காமல் படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய தண்ணீரில் தடையில்லாமல் ஏறும். ஆகவே வாயில் வைத்தால் நன்றாக இருக்கிற, சோப்பு நன்றாக நுரைக்கிற தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம் ஊரில் நினைப்பது சில இடங்களில் தப்பாகப் போகிறது. இந்த அளவில் ஃபுளோரைடுக்கு ருசியும் கிடையாது, நிறமும் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் ஆவியாகப் போய் இன்னும் கெட்டிப்படும். பழைய சென்னை மாகாணத்தில் நெல்லூர் மாவட்டத்தில்தான், ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடுகிற ஃபுளோரோசிஸ் என்ற இந்த நோய் இந்தியாவில் முதன்முதலாக 1937-ல் மருத்துவ ஏட்டில் பதிவானது. ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்ற வார்த்தை இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் அதுதான் காவிரித் தண்ணீர் கொண்டு வருகிறது.

சரி, ஆய்வகத்துக்கு வருவோம். தண்ணீரில் ஃபுளோரைடு பார்க்கச் சோடியம் ஃபுளோரைடு எதற்கு என்றால், ஒப்பிட்டுப் பார்க்க. அளவு தெரிந்த கரைசல் ஒன்று வேண்டும். சிர்கோனியம் என்ற உலோகமும் ஸ்பேட்ன்ஸ் என்ற சாயமும் சேர்ந்து சிவப்பாக இருக்கும். ஃபுளோரைடு வந்தால் சிர்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், சிவப்பு வெளிறும். எவ்வளவு வெளிறியது என்று, நிறத்தின் அடர்த்தியை அளக்கும் நிறமானியில் 570 நானோமீட்டர் அலைநீள ஒளியில் பார்ப்பார்கள். பள்ளிக்குக் கிடைக்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கிட்டில் சாயம் வேறாக இருக்கலாம், நிற அட்டையோடு கண்ணால் ஒப்பிடுவீர்கள். தத்துவம் ஒன்றுதான்.

மூலக் கரைசலுக்கு வேண்டிய சோடியம் ஃபுளோரைடு எவ்வளவு தெரியுமா? 0.221 கிராம். அதை ஒரு லிட்டர் வாலைவடி நீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு. அதைப் பத்து மடங்கு நீர்க்க வைத்து, அதிலிருந்து 1 மில்லி, 2 மில்லி என்று 7 மில்லி வரை எடுத்து 50 மில்லியாக்கினால் 0.2 முதல் 1.4 வரை வரிசை தயார். ஒரு முழு வருடத்துக் குழந்தைகள் மாநாட்டுக்கும் அந்த கால் கிராம் போதும். இதற்கு 500 கிராம் புட்டியைப் பள்ளியில் வைத்துக்கொண்டிருப்பது தேவையே இல்லாத ஆபத்து. அளவு தெரிந்த ஃபுளோரைடுக் கரைசல் லிட்டருக்கு 1000 மில்லிகிராம், 100 மில்லிகிராம் என்று தயாராகவே விற்கிறார்கள். அதை வாங்குங்கள், அல்லது பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையில் கேட்டு வாங்குங்கள். பொடியைத் தொடாமலே வேலை முடிந்துவிடும்.

நீர்த்த கரைசலைப் பிள்ளைகள் தொடலாமா என்றால், தொடலாம். 50 மில்லியில் 1.4 அளவுக் கரைசல் என்றால் மொத்தமே 0.07 மில்லிகிராம் ஃபுளோரைடு. பட்டாணி அளவு பற்பசையில் அதைப் போல மூன்று மடங்கு இருக்கும். ஆனால் 100 மில்லிகிராம் மூலக் கரைசல் வேறு. ஒரு லிட்டர் பாட்டிலில் 100 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது, 20 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்கு நான் மேலே சொன்ன எல்லை சரியாக அதுதான். பார்க்கக் குடிதண்ணீர் மாதிரியே இருக்கும். குடிநீர் பாட்டிலில் அதை ஊற்றி வைக்கவே கூடாது. நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிற தப்பு, காலி பாட்டில் கண்ணில் பட்டதும் எடுத்து ஊற்றிவிடுகிறோம். வெள்ளை பாலித்தீன் ஆய்வகப் பாட்டிலில் ஊற்றி, மூடியில் சிவப்பு டேப் சுற்றி, "நஞ்சு. ஃபுளோரைடுக் கரைசல். குடிக்கக் கூடாது" என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஆய்வகத்தைப் பெருக்க வரும் அக்காவுக்கும் படித்தால் புரிய வேண்டும், ஆங்கில லேபிள் மட்டும் இருந்து பயனில்லை.

பாலித்தீன் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஃபுளோரைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்றேன் இல்லையா, அது கண்ணாடியையே தின்னும். சோடியம் ஃபுளோரைடைப் பற்றி ஒரே ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பொடியின் மேலோ கெட்டிக் கரைசலின் மேலோ எந்த அமிலமும் படக் கூடாது.

பல வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் நடந்தது. பீக்கர் ஒன்றில் சோடியம் ஃபுளோரைடு கரையாமல் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. அது கொஞ்சம்தான் கரையும், 100 மில்லிக்கு 4 கிராம் அளவில் நின்றுவிடும். பீக்கரில் லேபிள் இல்லை. புதிதாக வந்த உதவியாளர், அவருக்கு இருபது வயது கூட இருக்காது, வெள்ளைக் கறை போகவில்லை என்று கண்ணாடி கழுவும் அடர் கந்தக அமிலக் கலவையை அதில் ஊற்றிவிட்டார். புகை வந்தது. தொண்டையும் மூக்கும் எரிகிறது என்று வெளியே ஓடி வந்தார். கையில் ஒன்றிரண்டு சொட்டு தெறித்திருந்தது, ஆனால் வலிக்கவில்லை என்றார். அவரை உட்கார வைத்து அரைமணி நேரம் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டச் சொல்லி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். இராத்திரி முழுக்க அந்தக் கை வலித்தது என்று மறுநாள் சொன்னார். நல்லவேளை, குணமாகிவிட்டது. பீக்கரின் உள்பக்கம் பால்கண்ணாடி போல மங்கிப்போயிருந்தது. அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் இல்லை. லேபிள் ஒட்டாதது எங்கள் தப்பு, அதில் என்ன இருக்கிறது என்று சொல்லாததும் எங்கள் தப்பு.

வலிக்கவில்லை என்று அவர் சொன்னதுதான் இந்த அமிலத்தின் குணம். மற்ற அமிலம் பட்டால் உடனே எரியும், கையை உதறிக் கழுவிவிடுவோம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் நீர்த்திருந்தால் பட்டது தெரியாது. தோலைத் தாண்டி உள்ளே இறங்கி, கால்சியத்தைத் தேடிப் போய், பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் வலி தொடங்கும். அதற்கு மருந்தும் கால்சியம்தான், கால்சியம் குளுக்கோனேட் 2.5 சதவீதக் களிம்பு. கண்ணாடியில் அரித்து எழுதும் பட்டறைகளிலும் சில துரு நீக்கி திரவங்களிலும் இந்த அமிலம் இருக்கும். அப்படி வேலை செய்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால் இதைச் சொல்லி அனுப்புங்கள். பள்ளிக்குள் இந்த அமிலப் புட்டி எந்தக் காரணத்துக்காகவும் வரக் கூடாது.

கிட்டில் வரும் சாயக் கரைசலிலும் அமிலம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஸ்பேட்ன்ஸ் முறையில் சிர்கோனியக் கரைசல் 500 மில்லிக்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 350 மில்லி போகும். ஆனால் சோதனைக் குழாயில் சேரும் ஃபுளோரைடு மில்லிகிராமில் நூற்றில் ஒரு பங்குக் கணக்கில்தான் இருப்பதால், அங்கே உண்டாகும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கவலைப்படும் அளவில் இல்லை. அங்கே கவலை ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். கண்ணில் தெறித்தால் கண் கெடும், துணியில் பட்டால் ஓட்டை. பிள்ளைகளுக்குக் கண் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. சாயக் கரைசலைப் பள்ளியில் தயாரிக்க வேண்டாம். அடர் அமிலத்தை ஊற்ற, ஆவியை வெளியே இழுத்துவிடும் புகைக்கூண்டு வேண்டும், உங்கள் பள்ளியில் அது இருக்காது. தயாரித்ததை வாங்கினால் போதும்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், இது முக்கியம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் சாயத்தை வெளுத்துவிடும் என்பதால், சில தயாரிப்புகளில் சோடியம் ஆர்சனைட் சேர்த்திருப்பார்கள். ஆர்சனைட் என்றால் ஆர்செனிக், நம் பாட்டிமார் பாஷாணம் என்று சொன்ன குடும்பம். ஆய்வகங்களில் தனியாகக் கலக்கி வைப்பது லிட்டருக்கு 5 கிராம். அதில் 100 மில்லி புட்டி ஒன்றில் அரை கிராம் சோடியம் ஆர்சனைட், ஓர் ஆளைக் கொல்லப் போதும். பள்ளிக்கு அது தேவையே இல்லை. போரிலும் அடிபம்பிலும் நேராகப் பிடிக்கிற தண்ணீரில் குளோரின் கிடையாது. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றால் அகலமான பிளாஸ்டிக் கிண்ணத்தில் சில மணி நேரம் வெயிலில் திறந்து வையுங்கள், குளோரின் போய்விடும். ஆர்செனிக் இல்லாத தயாரிப்பும் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் பிப்பெட், திரவத்தை அளந்து எடுக்கும் குழாய். வாயால் உறிஞ்சிப் பழகிய தலைமுறை நாங்கள். நீங்களும் கல்லூரியில் அப்படித்தான் செய்திருப்பீர்கள். இந்த வேலையில் அந்தப் பழக்கம் வேண்டாம். ரப்பர் பல்பு விலை அதிகமில்லை, அது கிடைக்கும் வரை ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சே நன்றாக வேலை செய்யும், மில்லி கோடும் போட்டிருக்கும்.

ஏதோ காரணத்தால் பொடியை எடை போட்டே ஆக வேண்டும் என்றால் நீங்களே போடுங்கள், பிள்ளைகள் வெளியே நிற்கட்டும். முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். நம் ஊர் வெயிலில் விசிறி இல்லாமல் நிற்பது கஷ்டம்தான், ஆனால் ஐந்து நிமிட வேலை. பொடி பறந்தால் மூக்கிலும் கண்ணிலும் போகும், தராசைச் சுற்றியும் படியும், அடுத்த நாள் அங்கே யாராவது டிபன் பாக்ஸ் வைப்பார்கள். நைட்ரைல் கையுறை, முகக்கவசம், கண்ணாடி போட்டுக்கொண்டு, எடைத்தாளில் சிறு கரண்டியால் எடுங்கள். சிந்தினால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

ஒருவேளை யாராவது வாயில் போட்டுவிட்டால் என்ன செய்வது? இதை விரிவாகவே சொல்கிறேன். உங்கள் ஊரிலிருந்து தர்மபுரி சுமார் 30 கிலோமீட்டர், அந்த நேரம் உங்கள் கையில் இருக்கிறது. வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். நினைவோடு இருந்து, விழுங்க முடிந்தால், பால் கொடுங்கள், கிடைத்த பாலை. பாலில் உள்ள கால்சியம் வயிற்றிலேயே ஃபுளோரைடைப் பிடித்து நிறுத்தும். சத்துணவுக் கூடமோ பக்கத்து டீக்கடையோ, எங்கிருந்தாவது ஓடிப் போய் வாங்கி வரலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விஷம் குடித்தவர்களுக்குச் சாணிக் கரைசலும் சோப்புத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. இரைப்பையை அரித்த அமிலம் திரும்ப மேலே வரும்போது உணவுக்குழாயையும் அரிக்கும், மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள்ளும் போகும். யார் சொன்னாலும் விடாதீர்கள். மயங்கிவிட்டவர் வாயில் பால் உட்பட எதையும் ஊற்றக் கூடாது, பக்கவாட்டில் படுக்க வையுங்கள்.

பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே 108-க்குப் பேசுங்கள். புட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள், அல்லது லேபிளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பென்னாகரம் அரசு மருத்துவமனை கிட்டே என்றால் முதலில் அங்கே, அங்கிருந்து அனுப்பினால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தை "ஃபுளோரைடு". "ஏதோ லேப் கெமிக்கல்" என்று சொன்னால் அவர் எதைத் தேடுவார்? ஃபுளோரைடு என்றால் கால்சியம் அளவு பார்ப்பார், இ.சி.ஜி. எடுப்பார், நரம்பு வழியாகக் கால்சியம் குளுக்கோனேட் ஏற்றுவார். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது, வாந்தியும் நின்றுவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது. இதயத் தாளம் கெடுவது சில மணி நேரம் கழித்தும் வரலாம், அதனால் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும்.

தோலில் பொடி பட்டால் தட்டிவிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவினால் பெரும்பாலும் போதும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து அதே பதினைந்து நிமிடம், பிறகு கட்டாயம் மருத்துவர். ஆய்வகத்தில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அன்றைக்குச் சோதனையை வைத்துக்கொள்ள வேண்டாம். கோடையில் நம் பள்ளிகளில் அது நடக்கும் என்பதால் சொல்கிறேன், இரண்டு குடம் தண்ணீராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

கழிவுக்கு நம் வீட்டுச் சுண்ணாம்பே போதும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் நீர்த்த சுண்ணாம்பைக் கலக்கி வைத்து, சோதனைக் குழாய்களில் மீந்ததையும் மூலக் கரைசலில் மீந்ததையும் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றுங்கள். அமிலம் அடங்கும், ஃபுளோரைடு கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாக அடியில் படியும். சுட்ட கல் சுண்ணாம்பை அப்படியே போடாதீர்கள், அது கொதித்துத் தெறிக்கும். ஓரிரவு விட்டு, மேலே தெளிந்ததை நிறையத் தண்ணீர் சேர்த்து வடிகாலில் விடலாம். ஃபுளோரைடு முழுவதும் போய்விடாது, லிட்டருக்குச் சில மில்லிகிராம் தங்கும், அதனால் கிணற்றடியிலும் போர் பக்கத்திலும் ஊற்றக் கூடாது. ஆர்சனைட் கலந்த கழிவு என்றால் இந்த வழி செல்லாது. அதைத் தனிப் புட்டியில் மூடி வையுங்கள். துத்தநாகத் துண்டோ அலுமினியப் பாத்திரமோ அமிலமும் ஆர்செனிக்கும் உள்ள கழிவில் பட்டால் ஆர்சைன் என்ற கொடிய வாயு வரும்.

இனி அந்த 500 கிராம் புட்டி. மண்ணில் புதைக்க வேண்டாம், கழிப்பறையில் கொட்ட வேண்டாம், பஞ்சாயத்துக் குப்பை வண்டியில் போட வேண்டாம். ஃபுளோரைடால் அவதிப்படும் மாவட்டத்தில் அதைத் திரும்ப மண்ணுக்குள் விடுவது எந்த விதத்திலும் நியாயமில்லை. இன்றைக்கே தமிழ் லேபிள் ஒட்டி, மூடிக்கு மேல் டேப் சுற்றி, இன்னொரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, அமிலப் புட்டிகள் இல்லாத அலமாரியில் பூட்டுங்கள். சோடியம் குளோரைடு வரிசையிலிருந்து முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள். பிறகு தலைமை ஆசிரியர் வழியாக, பக்கத்தில் இதைப் பயன்படுத்தும் கல்லூரி ஆய்வகம் எதற்காவது எழுதிக் கொடுத்து ஒப்படைத்து, இருப்புப் பதிவேட்டில் கழித்துக்கொள்ளுங்கள். யாரும் வாங்கவில்லை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் அபாயக் கழிவை எடுத்துப் போகிறவர்களைச் சொல்வார்கள்.

ஆகவே பிள்ளைகள் செய்ய வேண்டியது: தண்ணீர் பிடிப்பது, கிட்டில் சொட்டு விடுவது, நிறம் பார்ப்பது, எழுதுவது, ஊர் வரைபடத்தில் குறிப்பது. அதுவே பெரிய வேலை. உங்கள் பிள்ளைகளின் அளவு 1.5-ஐத் தாண்டி வந்தால் உடனே ஊரில் அறிவிக்க வேண்டாம். அதே மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். படிகாரம் போட்டுத் தெளிய வைத்த தண்ணீர் என்றால் படிகாரத்தில் உள்ள அலுமினியம் குறுக்கிட்டு அளவு குறைத்துக் காட்டும், அதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உறுதியானால், குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர் என்று பிள்ளைகளே வீட்டில் சொல்லட்டும். களி கிண்டும் தண்ணீரும் சமையல் தண்ணீர்தான் என்பதை அவர்கள் மறக்காமல் சொல்ல வேண்டும், பல வீடுகளில் குடிக்க மட்டும் குழாய்த் தண்ணீர் வைத்துக்கொண்டு உலைக்குப் போர் தண்ணீரை வைக்கிறார்கள்.

மாதிரி பிடிக்கப் பிளாஸ்டிக் பாட்டில்தான், கண்ணாடி வேண்டாம். அடிபம்பை ஐந்து நிமிடம் அடித்துவிட்டு, அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். ஊர், கிணறு, தேதி மூன்றையும் தாளில் பென்சிலால் எழுதி ஒட்டட்டும். பேனா மை ஈரம் பட்டால் ஓடிவிடும்.